டெல்டாவிலிருந்து மலை உச்சிக்கு: குடும்பத்தோடு ஹாம் ரேடியோ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் ஹாம் ரேடியோ உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோ செட்டில் பேசிக்கொள்வதற்கான அரசு உரிமம், வைத்திருப்பவர்கள் சிலர், லீவு நாளில் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து மாவட்ட மலைகளுக்குப் போகிறார்கள். உச்சியில் ஆன்டெனாவை நிறுத்தி ஊரில் இருப்பவர்களோடு பேசிவிட்டு வருகிறார்கள். போகிற எங்களிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஹாமாக, அதாவது உரிமம் பெற்றவராக, இருப்பவர்களைவிட அவர்களுடைய மனைவி, கணவர், பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் அவர்களுக்கும் புரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

ஊரிலேயே பேச முடிகிறதே, மலைக்கு எதற்குப் போக வேண்டும்?

நம் ஊரில் உயரம் என்று எதுவும் தானாக அமையவில்லை. உயரமாக இருப்பதெல்லாம் மனிதர்கள் கட்டியது. பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. சுவாமிமலையே கட்டுமலைதான், அதில் அறுபது படி. மற்றபடி கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு.

வி.எச்.எஃப். அலை, அதாவது கைக்குள் அடங்கும் ஹேண்டி ரேடியோவில் நாம் பேசும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையான அலை, பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறது. பூமி வளைவதால் ஒரு தூரத்துக்கு மேல் அது தரையை விட்டு விலகி மேலே போய்விடும். அந்தத் தூரத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும்.

வரப்பில் நின்று ஹேண்டியை முகத்துக்கு நேரே பிடித்தால் உயரம் ஒன்றரை மீட்டர், தூரம் 5 கிலோமீட்டர். எதிரில் பேசுபவரும் அப்படியே நின்றால் மொத்தம் 10. இருவரும் மொட்டைமாடியில் 10 மீட்டர் உயரத்துக்கு ஆன்டெனா வைத்தால் ஆளுக்கு 13 சேர்ந்து 26 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு அதுவும் எட்டாது. இப்போது ஒருவர் கடல்மட்டத்துக்கு மேல் 1000 மீட்டர் இருக்கும் பச்சமலை முகட்டில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கம் மட்டுமே 130 கிலோமீட்டர். கூடவே மாடிக்காரரின் 13.

பச்சமலையிலிருந்து நேர்கோட்டில் தஞ்சாவூர் சுமார் 80 கிலோமீட்டர், கும்பகோணம் 90க்குச் சற்று மேல், மன்னார்குடி 115 வாக்கில், திருவாரூர் 130க்குள். எல்லாமே வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. நாகப்பட்டினம் 145ஐத் தொடுவதால் விளிம்பில் இருக்கிறது. அங்கே இருப்பவர் ஆன்டெனாவை இன்னும் பத்து மீட்டர் தூக்கினால் கணக்கு சரியாக வரும். இதற்கெல்லாம் 5 வாட் போதும். நடுவில் மலை மறைக்காத வரைக்கும் சக்தியைவிட உயரம்தான் தூரத்தைத் தீர்மானிக்கிறது.

சொல்ல வேண்டிய முக்கியமான விஷயமும் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. தூரம் இரண்டு பக்கத்தையும் கூட்டித்தான் வருகிறது. மலை ஏறுபவர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கீழே மாடியில் காத்திருப்பவரும் வேண்டும். அதனால் மலைக்குப் போகும் திட்டத்தை, ஊரில் யார் யார் எத்தனை மணிக்கு மாடியில் இருப்பார்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அது பேசி முடிந்த பிறகு வண்டி ஏற்பாடு செய்தால் போதும்.

எந்த மலைக்குப் போகலாம்?

முதலில் எங்கே வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர் பாறை. அதன் உச்சியிலிருந்து தஞ்சாவூர் மொட்டைமாடி வரைக்கும் கணக்கு வருகிறது என்பதால் அதைக் கேட்காதவர்களே இல்லை. ஆனால் அது உச்சிப்பிள்ளையார் சன்னிதி. எந்நேரமும் பக்தர்கள் ஏறி இறங்கும் இடம். பல்லவர் குடைவரையும் அதே பாறையில் இருக்கிறது. அங்கே கம்பியை நீட்டிக்கொண்டு உட்காருவது முறையில்லை. குளித்தலை அருகே அய்யர்மலைக்கும் இதே பதில்தான். ஆயிரத்துச் சொச்சம் படி ஏறி ரத்தினகிரீசுவரரைத் தரிசித்துவிட்டு இறங்குங்கள், ரேடியோ பையிலேயே இருக்கட்டும். கோயில் மலைகளில் ஒருவர் செய்யும் காரியம் பிறகு வரும் அத்தனை ஹாம்களின் பெயரிலும் ஒட்டிக்கொள்ளும்.

புதுக்கோட்டை போகும் வழியில் நார்த்தாமலைக் குன்றுகள் அழகானவை, தாழ்ந்தவை, குழந்தைகளால் ஏற முடிந்தவை. அங்கே விஜயாலய சோழீச்சரமும் குடைவரைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அந்த எல்லைக்குள் எதையும் நட, கட்ட, சாய்க்கக் கூடாது. சித்தன்னவாசலும் அப்படியே. ஹேண்டியைக் கையில் பிடித்துப் பேசுவதற்குக்கூட அங்கே இருக்கும் பணியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

குடும்பத்தோடு முதல்முறை போவதற்கு நான் பச்சமலையைத்தான் சொல்வேன். திருச்சியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டி வரைக்கும் தார்ச்சாலை ஏறுகிறது. மேலே மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன, டீ கிடைக்கும், ஒதுங்க இடம் கிடைக்கும். நடக்க முடியாதவரும் வண்டியில் மேலே வரலாம். சாலை ஓரத்திலிருந்து ஒரு முகட்டுக்கு அரைமணி, முக்கால்மணி நடந்தால் கிழக்கே மறைப்பு இல்லாத இடம் கிடைக்கும். கிழக்கு திறந்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். உச்சி என்று பெயர் வாங்கிய இடத்தைவிட, கிழக்கே பார்க்கும் விளிம்பு நமக்கு அதிகம் உதவும்.

கொல்லிமலை இதைவிட உயரம். நாமக்கல் பக்கமிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றைப் புரட்டும். ஒரு இரவு தங்குவதாக இருந்தால் போகலாம். காலையில் போய் மாலையில் டெல்டா திரும்புகிற பயணத்துக்கு அது தோதுப்படாது.

வனத்துறை அனுமதி வேண்டுமா?

காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதாக இருந்தால் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. பொதுச்சாலையும் ஊர் நிலமும் தவிர மற்ற இடங்களுக்கு முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பட்டா நிலம் என்றால் நிலத்துக்காரரைக் கேளுங்கள். "ரேடியோவில் எங்கள் ஊருக்குப் பேசப்போகிறோம், இரண்டு மணிநேரத்தில் போய்விடுவோம்" என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கூடவே வந்து உட்கார்ந்து கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு பங்கு சாப்பாடு எடுத்துப் போங்கள். கோடையில் மலையில் நெருப்பு மூட்டவே கூடாது, ஸ்டவ்வும் வேண்டாம்.

உரிமம் என் கணவருக்கு மட்டும்தான். நானும் பிள்ளைகளும் பேசலாமா?

உரிமம் இல்லாதவர் ரேடியோவை இயக்கக் கூடாது. எங்கள் குழுவில் மைக்கையும் கொடுப்பதில்லை. விளையாட்டுக்காகக்கூட இதில் விலக்கு கேட்காதீர்கள்.

ஆனால் நீங்கள் வாங்கிவிடலாமே? மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி. தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டு வயது நிறைந்திருந்தால் எழுதலாம். இரண்டு நிலை உண்டு. ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் முறை, வேண்டாம். அடிப்படை மின்னியலும் ரேடியோ விதிமுறைகளும் தெரிந்தால் போதும். ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகத்தில் மோர்ஸ் வாங்கவும் அனுப்பவும் தெரிய வேண்டும். முதல் நிலைக்காரர்களின் கால்சைன், அதாவது ரேடியோவில் சொல்லும் அடையாளப் பெயர், வி.யூ.3 என்றும், அடுத்த நிலைக்காரர்களுடையது வி.யூ.2 என்றும் தொடங்கும். பத்தாம் வகுப்பு இயற்பியல் ஞாபகம் இருக்கிற எவருக்கும் ரெஸ்ட்ரிக்டட் பாடம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. விண்ணப்பித்த பிறகு போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து உரிமம் கைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதால் இன்றைக்கே தொடங்குவது நல்லது.

கணவன் மனைவி இருவரும் உரிமம் வாங்கிய வீடுகளில்தான் இந்தப் பயணம் நிலைத்து நிற்கிறது. ஒருவர் பேச மற்றவர் வெயிலில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் பயணத்துக்கு அடுத்த வருடம் யாரும் கிளம்ப மாட்டார்கள். அம்மா மலையிலும் அப்பா மாடியிலும் இருந்து பேசிக்கொண்டதைக் கேட்ட பிள்ளைகள், பன்னிரண்டு வயது எப்போது ஆகும் என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

அதுவரை பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

வேலை நிறையவே இருக்கிறது. லாக், அதாவது யாரோடு பேசினோம் என்ற பதிவேடு, எழுதுவது முதல் வேலை. தேதி, நேரம், ஃப்ரீக்வென்சி, பேசியவரின் கால்சைன், நம் சிக்னல் எப்படிக் கேட்டது என்று அவர் கொடுத்த ரிப்போர்ட். கையெழுத்து தெளிவாக இருக்கும் பிள்ளையிடம் நோட்டைக் கொடுங்கள். நேரத்தை யூ.டி.சி. என்ற உலகப் பொதுநேரத்தில் எழுத வேண்டும், அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். காலை பத்தரை என்றால் 0500. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல மனக்கணக்கு.

அடுத்தது வரைபடம். டெல்டா படத்தை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தொடர்பு கிடைத்ததும் அந்த ஊரிலிருந்து மலைக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். உலகம் முழுவதையும் ஹாம்கள் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகை எல்லாம் எம்.கே.90 என்ற கட்டத்தில் வருகின்றன. 11 டிகிரி அட்சரேகை கும்பகோணத்துக்குச் சற்று வடக்கே போகிறது. அதைத் தாண்டியதும் எம்.கே.91. மயிலாடுதுறையும் பச்சமலையும் அந்தக் கட்டத்தில் இருக்கின்றன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் எந்தக் கோடு எங்கே குறுக்கே போகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

மூன்றாவது வேலை ஆன்டெனா. கம்பியை அளந்து வெட்டுவது, கயிறு பிடிப்பது, எந்தப் பக்கம் திருப்பினால் சத்தம் தெளிகிறது என்று சொல்வது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இவை எதுவும் ஓடாது. அவர்களுக்கு மலையே போதும். ஒரு பெரியவர் முழுநேரமும் அவர்களோடு இருக்க வேண்டும், ரேடியோப் பக்கம் வரக் கூடாது. பாறை விளிம்பு அருகே இருக்கும்போது இதில் சமரசம் இல்லை.

மலையில் முன்னும் பின்னுமாக நடப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கிகள் இருக்கின்றன. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட மாடல்தானா என்று பார்த்து வாங்குங்கள். பிள்ளைகள் தாராளமாகப் பேசலாம். உரிமம் இல்லாமல் ஹாம் செட்டை ஆன்லைனில் வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடாது.

போலீஸ் கேட்டால்?

உரிமத்தின் நகலும் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். உரிமத்தில் உங்கள் நிலையத்தின் முகவரி இருக்கும். வேறு இடத்திலிருந்து இயக்குவது பற்றி அதிலும் விதிமுறைகளிலும் சொல்லியிருப்பதைப் படித்து, தகவல் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பேசும்போது கால்சைனுக்குப் பின்னால் போர்ட்டபிள் என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். விமானப்படைத் தளம், துறைமுகம், அணை மாதிரியான இடங்களுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். சாட்டிலைட் போன் இந்தியாவில் தனி அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாத பொருள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் பாதுகாப்புக்கென்று கொடுத்தாலும் எடுத்துப் போகாதீர்கள்.

எஸ்.ஓ.டி.ஏ. என்கிறார்களே, அது என்ன?

சம்மிட்ஸ் ஆன் தி ஏர் என்பதன் சுருக்கம். மலை உச்சியிலிருந்து பேசுவதற்கென்று உலகம் முழுவதும் நடக்கும் ஒரு திட்டம். 2002ல் பிரிட்டனில் தொடங்கியது. சுற்றியிருக்கும் நிலத்திலிருந்து குறைந்தது 150 மீட்டர், சில நாடுகளில் 100 மீட்டர், தனித்து எழுந்து நிற்கும் சிகரங்களை மட்டுமே பட்டியலில் சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி, உயரத்துக்கு ஏற்ற மதிப்பெண். உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் இருந்து பேச வேண்டும். மதிப்பெண் வேண்டுமானால் நான்கு வெவ்வேறு நிலையங்களோடு பேசியிருக்க வேண்டும். கார் பேட்டரியிலோ ஜெனரேட்டரிலோ இயக்கக் கூடாது, எல்லாவற்றையும் சுமந்துதான் போக வேண்டும். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் தரையில் இருந்தால், அதன் வழியாகப் பேசியது கணக்கில் வராது. நீங்கள் போகும் மலை பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் குடும்பத்தோடு போகும் முதல் ஒன்றிரண்டு பயணத்தில் அதை நினைக்காதீர்கள் என்பது என் கருத்து. உச்சியில் முள்ளும் புதரும் இருந்து, ஐம்பது மீட்டர் கீழே நல்ல மரநிழல் இருந்தால் நிழலில் உட்காருங்கள். கும்பகோணத்துக்குக் கேட்கத்தான் போகிறது.

மாமியாருக்கு முழங்கால் வலி. அவரை விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை.

அவரிடமே கேளுங்கள். மலைச்சாலை வழியாக மேலே வந்து ஊர்க்கோடியில் நாற்காலி போட்டு உட்கார விரும்புகிறாரா, வீட்டு மாடியில் இருக்க விரும்புகிறாரா என்று. இரண்டிலும் அவருக்கு இடம் உண்டு. வீட்டில் உரிமம் உள்ள இன்னொருவர் மாடியில் செட்டை இயக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பாட்டிகள், மலையிலிருந்து பேரன் பேத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கு முழுவதும் அதையே பேசுவார்கள். "அத்தை, நாங்க எல்லாரும் மேல வந்து சேந்துட்டோம், சின்னவன் தானே நடந்து வந்துட்டான்" என்று உங்கள் உரிமத்தில் நீங்கள் சொல்வதை, எதிர்முனையில் இருக்கும் ஹாமின் பக்கத்தில் இருந்து அவர் கேட்கலாம். பதிலை அந்த ஹாம்தான் சொல்ல வேண்டும்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ரேடியோவைவிட முதலில் தண்ணீர். ஆளுக்கு இரண்டு லிட்டர், கோடை நெருங்கினால் மூன்று. தொப்பி, மூடிய செருப்பு அல்லது ஷூ, முதலுதவி, டார்ச். சாப்பாட்டுக்கு நம் கட்டுச்சோற்றை மிஞ்சியது இல்லை. புளியோதரை மாலை வரை தாங்கும். தயிர்சாதத்தைப் பால் ஊற்றிப் பிசைந்து உறை மோர் சேர்த்து எடுத்துப் போனால் மதியத்துக்குள் பதமாக இருக்கும். குரங்கு இருக்கும் மலைகளில் சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்காதீர்கள். தொங்கும் ஒயரையும் அவை இழுக்கும்.

ரேடியோவுக்கு வருவோம். வி.எச்.எஃப். மட்டும் என்றால் 5 வாட் ஹேண்டி ஒன்று, உபரி பேட்டரி ஒன்று, அதோடு நல்ல ஆன்டெனா. செட்டோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவை மாற்றினாலே பாதி வெற்றி. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 49 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் கம்பியும் கீழே அதே நீளத்தில் நான்கு ஆரக்கம்பியும் வைத்து வீட்டிலேயே ஒன்று செய்துவிடலாம். பழைய டி.வி. ஆன்டெனாவில் வந்த தட்டை ரிப்பன் ஒயரில் ஜே வடிவ ஆன்டெனாவான ஜே-போல் செய்தால் சுருட்டிப் பைக்குள் வைக்கலாம், மரக்கிளையில் தொங்கவிடலாம். ஆன்டெனா செங்குத்தாக இருக்கட்டும். எதிர்முனையும் செங்குத்தாக இருக்க வேண்டும். ஒருவர் நிமிர்த்தியும் மற்றவர் படுக்கவைத்தும் பிடித்தால் சிக்னல் பெரிதும் அடிவாங்கும்.

எச்.எஃப். அலையும், அதாவது இன்னும் தொலைவு போகும் நீளமான அலையும், வேண்டும் என்றால் சுமை கூடும். 40 மீட்டர் அலைநீளம் கொண்ட பேண்டுக்கு, இரண்டு கை நீட்டிய கம்பி ஆன்டெனாவான டைபோலின் மொத்த நீளம் 20 மீட்டர், ஒவ்வொரு கையும் பத்து. 20 மீட்டர் பேண்டுக்கு அதில் பாதி. நடுப்பகுதியைக் கம்பத்தில் ஏற்றி இரண்டு கையையும் சரிவாகக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். கம்பத்துக்கு மடக்குத் தூண்டில்கோல் பலர் பயன்படுத்துகிறார்கள். ஃபைபர் கிளாஸாக இருக்க வேண்டும், கார்பன் வேண்டாம், அதில் மின்சாரம் பாயும். மலை அடிவாரத்தில் மூங்கில் கிடைத்தால் அதுவே போதும். பகலில் 40 மீட்டரில் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர், இலங்கை எல்லாம் வரும். பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நல்லது. ஈய பேட்டரியைவிட மிகவும் லேசு.

எங்கேயும் மின்கம்பிக்குப் பக்கத்தில் ஒயரை வீசாதீர்கள். கயிறு கட்டிய கல்லை மரத்தின் மேல் எறிவதற்கு முன்னால் மரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருவர் நடந்து போய்ப் பார்த்து வர வேண்டும்.

எந்த மாதத்தில் போவது?

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, இடி, வழுக்கும் பாறை. சித்திரை, வைகாசியில் வெயிலும் மாலைநேரக் கோடை இடியும். தை மாதம் மலை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சம்பா அறுவடை வீட்டில் யாரையும் விடாது. அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு மாசியில் கிளம்புவதுதான் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒத்துவருகிறது. விடியற்காலையில் புறப்பட்டு, எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்கி, பதினொன்றரைக்குள் பேசி முடித்து, நிழலில் சாப்பிட்டு இறங்குங்கள்.

மின்னல் பற்றி ஒன்று. 40 மீட்டரில் கேட்டுக்கொண்டிருக்கும்போது மடமடவென்று வெடிப்புச் சத்தம் வந்து, அது வரவர அடர்த்தியானால், மேகம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ இடி மேகம் திரண்டிருக்கிறது. காதில் இடி விழும் வரை காத்திருக்காதீர்கள். ஆன்டெனாவைக் கழற்றி, கம்பத்தை இறக்கி, குழந்தைகளோடு கீழே இறங்கிவிடுங்கள். மாடியில் காத்திருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மேலே போனதும் எப்படிக் கூப்பிடுவது?

முதலில் ஐந்து நிமிடம் கேளுங்கள். அந்த ஃப்ரீக்வென்சியில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் முடியட்டும். பிறகு "சி.க்யூ., சி.க்யூ., சி.க்யூ., இது" என்று சொல்லி உங்கள் கால்சைனை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். "போர்ட்டபிள், பச்சமலையிலிருந்து, குடும்பத்தோடு வந்திருக்கிறோம், கேட்டுக்கொண்டிருக்கிறேன்". சி.க்யூ. என்றால் கேட்பவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லுங்கள் என்ற அழைப்பு. பட்டனை விட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பதில் வந்ததும் அவர் கால்சைனைத் திருப்பிச் சொல்லி ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதில் முதல் எண் பேச்சின் தெளிவு, ஐந்து வரை; இரண்டாவது எண் சிக்னலின் பலம், ஒன்பது வரை. கேட்டதைத்தான் கொடுங்கள், மரியாதைக்காக எல்லோருக்கும் ஐந்து-ஒன்பது கொடுக்காதீர்கள். மூன்று-நான்கு என்று உண்மையாகச் சொன்னால்தான் மாடியில் இருப்பவர் ஆன்டெனாவைத் திருப்பிப் பார்ப்பார். தமிழிலேயே பேசலாம். வியாபாரம், அரசியல் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. முடிக்கும்போது எழுபத்து மூன்று என்பார்கள், அது ஹாம்களின் வணக்கம்.

உயரத்தில் இருக்கும்போது உங்கள் குரல் பல மாவட்டங்களுக்குக் கேட்கிறது. நீங்கள் ஒரு ஃப்ரீக்வென்சியைப் பிடித்தால் பல ஊர்க்காரர்களுக்கு அது அடைபடுகிறது. அதனால் சுருக்கமாகப் பேசி அடுத்தவருக்கு வழிவிடுங்கள்.

யாரும் பதில் சொல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாந்து போவார்களே?

போவார்கள். அதற்குத்தான் முன்கூட்டியே ஏற்பாடு. மூன்று ஊரில் மூன்று பேர், பத்து மணி முதல் பதினொன்று வரை, குறிப்பிட்ட ஒரு ஃப்ரீக்வென்சி, அது கலைந்தால் மாற்று ஒன்று. மூவரில் ஒருவராவது கரையோரத்தில் இருந்தால் நல்லது. எல்லையைத் தொடும் அந்தத் தொடர்புக்காகத்தான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு இருப்பவருக்குப் பச்சைக் கீற்றுகள் சிக்னலைக் குடித்துவிடும். அவரைக் குளத்துக்கரைக்கோ திறந்த வயலுக்கோ வரச் சொல்லுங்கள்.

மலைக்கே போக முடியாதவர்கள்?

வானம் திறந்திருக்கும் இடம் நம்மிடம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் அதன் குரலோ படமோ சில நாட்களில் கேட்கும். அதில் ஒரு ரிப்பீட்டரும் உண்டு, அது 437.800ல் இறங்கும். அறுவடை முடிந்த வயலில் நின்றால் அடிவானத்திலிருந்து அடிவானம் வரைக்கும் ஒரு மறைப்பும் இல்லை. இந்த வசதி மலைக்காரர்களுக்குக்கூட எல்லாப் பக்கமும் கிடைக்காது. 2005 மே 5ல் இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற துணைக்கோளை அனுப்பியது. 2014 வரை உலகம் முழுவதும் அதன் வழியாகப் பேசினார்கள்.

கோடியக்கரை இன்னொரு நல்ல இடம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். கடலுக்கு மேலே வெதுவெதுப்பான காற்றடுக்கு படியும் நாட்களில் வி.எச்.எஃப். அலை கணக்கைத் தாண்டி வெகுதூரம் போகும். சரணாலய எல்லையையும் கடலோரக் காவல் விதிகளையும் மதித்து, பொதுக் கடற்கரையில், பகலில் மட்டும்.

புயல் வெள்ளத்தில் இது உதவுமா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியதும் மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிய நாட்கள் ஆயின. இதை நம் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, ஹாம் பயணமாக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவும் போர்ட் பிளேரிலிருந்து நிலப்பரப்புக்குத் தகவல் அனுப்பினார்கள். கையில் செட்டும் பேட்டரியும் இருந்ததோடு, அவற்றைத் தினமும் இயக்கிப் பழகிய பழக்கமும் அவர்களுக்கு இருந்தது.

மலைப்பயணத்தில் நாம் செய்வதும் அதே காரியங்கள்தான். கரண்டு இல்லாத இடத்தில் பேட்டரியில் ஓட்டுவது, கையில் கிடைத்ததை வைத்து ஆன்டெனா நிறுத்துவது, நேரம் பார்த்துக் கூப்பிடுவது, கேட்டதைத் தவறில்லாமல் எழுதுவது. மாடியில் இருப்பவருக்கும் எந்தத் திசையில் யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. அந்த நோட்டை வீட்டில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். திருத்துறைப்பூண்டிக்கு எந்த இடத்திலிருந்து பேசினால் கேட்டது என்பது அதில் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்த நாளில் உதவ நினைப்பவர்கள் தாங்களாகக் கிளம்பாமல், மாவட்ட நிர்வாகமும் ஹாம் சங்கங்களும் சொல்லும் ஏற்பாட்டுக்குள் நிற்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியது?

பேட்டரியை அன்றைக்கே சார்ஜ் போடுங்கள். ஒயரைத் துடைத்துச் சிக்கில்லாமல் சுருட்டுங்கள். லாக்கில் சந்தேகமான எழுத்து இருந்தால் மாடிக்காரர்களுக்குப் போன் செய்து சரிபாருங்கள், மறுநாள் என்றால் அவர்களுக்கும் மறந்துபோகும். க்யூ.எஸ்.எல். அட்டை, அதாவது பேசியதை உறுதி செய்யும் அஞ்சலட்டை, அனுப்புவதாக இருந்தால் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பச்சமலையில் நிலம் கொடுத்தவருக்கும் ஒரு அட்டை அனுப்புங்கள், கேட்ட ஊர்களின் பெயரோடு.

அடுத்த முறை நீங்கள் மாடியில் இருங்கள், இந்த முறை மாடியில் இருந்தவர் குடும்பத்தோடு மலைக்குப் போகட்டும். தேதியை அந்தப் போனிலேயே பேசி வைத்துவிடலாம்.